போர்பன் விஸ்கி: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

கென்டக்கியில் லூயிவில் நகரத்துக்கு நான் குடிவந்து 12 வருடம் ஆகிறது. ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களானாலும் சரி, டெக்சாஸ், நியூ ஜெர்சி பக்கமிருந்து வரும் நண்பர்களானாலும் சரி, வந்த மறுநாளே ஒரு வடிசாலையைப் பார்க்க வேண்டும் என்பார்கள். பார்த்துவிட்டுத் திரும்பும்போது காரில் வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவர்கள் கேட்டபடியே எழுதி, பதிலைக் கீழே வைத்திருக்கிறேன். மேலிருந்து படித்து வந்தால் நல்லது, பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்துத்தான் நிற்கின்றன.

போர்பன்னா விஸ்கிதானே? அதுக்கு எதுக்குத் தனிப் பேரு?

விஸ்கிதான். தானியத்தை வேகவைத்து, புளிக்கவிட்டு, காய்ச்சி, மரப் பீப்பாயில் போட்டு முதிரவிட்டால் விஸ்கி. அதை அமெரிக்காவில், பெரும்பகுதி மக்காச்சோளத்தை வைத்து, ஒரு குறிப்பிட்ட விதிப்படி செய்தால்தான் போர்பன் என்று லேபிளில் போட முடியும். இங்கே பேச்சில் 'பர்பன்' என்று உச்சரிப்பார்கள்.

விதிகள் இவைதான். அமெரிக்காவில் செய்திருக்க வேண்டும். போடுகிற தானியத்தில் 51 சதவீதமாவது மக்காச்சோளமாக இருக்க வேண்டும். காய்ச்சி இறக்கும் சாராயத்தின் வீரியம் (அதிலுள்ள ஆல்கஹாலின் அளவு) 80 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, அது பீப்பாய்க்குள் போகும்போது 62.5 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. பீப்பாய் ஓக் மரத்தில் செய்த புதுப் பீப்பாயாக, உள்பக்கம் நெருப்பில் கருக்கியதாக இருக்க வேண்டும். பாட்டிலில் அடைக்கும்போது 40 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. வீரியத்தைக் குறைக்கத் தண்ணீர் விடலாம், நிறமோ மணமோ ருசியோ வெளியிலிருந்து சேர்க்கக்கூடாது. கீழே வரும் பாதிப் பதில்கள் இந்த விதிகளிலிருந்துதான் பிறக்கின்றன, அதனால் இந்தப் பத்தியை மட்டும் இரண்டு தடவை படித்தாலும் தப்பில்லை.

கென்டக்கியில செஞ்சாதான் போர்பன்னு சொல்றாங்களே?

இல்லை. அமெரிக்காவில் எந்த மாநிலத்தில் செய்தாலும் போர்பன்தான். 1964-ல் அமெரிக்க நாடாளுமன்றம் போர்பனை 'அமெரிக்காவுக்கே உரிய தனித்த பொருள்' என்று தீர்மானம் போட்டபோதும் கென்டக்கி என்ற பெயரைக் குறிப்பிடவில்லை. ஆனால் நடைமுறையில் உலகத்துப் போர்பனில் 95 சதவீதம் போல இங்கிருந்துதான் போகிறது. மாநிலத்தின் மக்கள்தொகை சுமார் 45 லட்சம். கிடங்குகளில் முதிர்ந்துகொண்டிருக்கும் பீப்பாய்களோ ஒரு கோடிக்கு மேல்.

பெயர் எப்படி வந்தது என்பதற்கு இரண்டு கதை. பிரெஞ்சு அரச வம்சத்தின் பெயரில் 1785-ல் உருவான போர்பன் மாவட்டத்திலிருந்து வந்தது என்பார்கள் சிலர். ஓஹையோ, மிசிசிப்பி ஆறுகள் வழியாகப் பீப்பாய்கள் போய் இறங்கிய நியூ ஆர்லியன்ஸின் போர்பன் தெருவிலிருந்து வந்தது என்பார்கள் வேறு சிலர். இரண்டுக்கும் கெட்டியான ஆதாரம் இல்லை. எலைஜா கிரெய்க் என்ற பாதிரியார்தான் முதன்முதலில் பீப்பாயைக் கருக்கினார் என்று கைடுகள் சொல்வதும் அதே ரகம்தான், கேட்க நன்றாக இருக்கும், எழுத்தில் சான்று கிடையாது.

மக்காச்சோளத்துலேர்ந்து சாராயம் எப்படிங்க வரும்? அதுல இனிப்பே இல்லையே?

சரியான கேள்வி. ஈஸ்ட்டுக்குச் சர்க்கரை வேண்டும், சோளத்தில் இருப்பது மாவுச்சத்து. அதனால் முதல் வேலை மாவைச் சர்க்கரையாக்குவது. அரைத்த மக்காச்சோளத்தைத் தண்ணீரில் கொட்டிக் கிட்டத்தட்டக் கொதிநிலையில் வேகவைக்கிறார்கள், அப்போதுதான் மாவுச்சத்து உடைந்து கூழாகும். சூட்டைக் கொஞ்சம் இறக்கி ரை சேர்க்கிறார்கள் (அது கோதுமைக்குச் சொந்தமான ஒரு தானியம், ருசி கொஞ்சம் காரசாரமாக இருக்கும்). இன்னும் இறக்கி 65 டிகிரி பக்கம் வந்ததும் முளைகட்டிக் காயவைத்த பார்லி. இந்தப் பார்லிதான் வேலைக்காரன். முளைக்கும் தானியம் தன் மாவைத் தானே சர்க்கரையாக்கிக்கொள்ளும் நொதிகளை வைத்திருக்கும், அந்த நொதிகள் மொத்தக் கூழையும் இனிப்பாக்கிவிடும். கொதிக்கிற கூழில் பார்லியைப் போட்டால் நொதி செத்துவிடும் என்பதால்தான் இந்த வரிசை.

அப்புறம் ஆறவைத்து ஈஸ்ட் சேர்த்தால் மூன்றிலிருந்து ஐந்து நாளில் ஊறல் தயார், வீரியம் 8 முதல் 10 சதவீதம் வரை. சில வடிசாலைகளில் திறந்த மரத்தொட்டிக்குள் விரலை விட்டு ருசி பார்க்கச் சொல்வார்கள். என் சித்தப்பாவை அழைத்துப் போனபோது பக்கத்துப் பக்கத்துத் தொட்டிகளில் முதல் நாள் ஊறலும் மூன்றாம் நாள் ஊறலும் இருந்தன. முதலாவது சோளக்கஞ்சியில் சர்க்கரை போட்டது மாதிரி வெதுவெதுவென்று தித்தித்தது. மூன்றாம் நாள் தொட்டி அடுப்பே இல்லாமல் தளதளவென்று கொதிப்பதுபோல் பொங்கிக்கொண்டிருந்தது, ருசியில் இனிப்பு காணாமல் போய்ப் புளிப்பு ஏறியிருந்தது. அந்த இரண்டு விரல் ருசியில் அவருக்குப் புரிந்தது நான் அரை மணி நேரம் பேசிப் புரியவைக்காதது.

லேபிள்ல 'சவர் மேஷ்'னு போட்டிருக்கே, உறைமோர் ஊத்துற மாதிரியா?

பெரும்பாலோர் அப்படித்தான் நினைக்கிறார்கள், கைடுகளே சிலர் அப்படிச் சொல்கிறார்கள். உறைமோரில் உயிருள்ள கிருமி இருக்கிறது, அது புதுப் பாலில் பெருகித் தயிராக்குகிறது. இங்கே சேர்ப்பது முந்தைய ஊறலைக் காய்ச்சி முடித்தபின் அடியில் மிஞ்சும் புளித்த கழிவுநீர். அது கொதித்து வந்தது, அதில் உயிருள்ள ஈஸ்ட் இருக்காது.

பிறகு எதற்கு? அதன் புளிப்புக்காகத்தான். புளிப்பு ஏறிய கூழில் வேண்டாத பாக்டீரியா எளிதில் வளராது, ஈஸ்ட்டுக்கோ அந்தப் புளிப்பு ஒத்துக்கொள்ளும். போன தடவை வந்த அதே ருசி இந்தத் தடவையும் வர இது உதவுகிறது. 19-ம் நூற்றாண்டின் முற்பாதியில் ஜேம்ஸ் குரோ என்ற ஸ்காட்லாந்துக்காரர் கென்டக்கியில் வேலை பார்த்துக்கொண்டே இதை அளவும் கணக்குமாக ஒழுங்குபடுத்தினார். இன்று கிட்டத்தட்ட எல்லா போர்பனும் இப்படித்தான் செய்யப்படுகிறது, லேபிளில் போட்டாலும் போடாவிட்டாலும்.

எல்லா ரகசியமும் தண்ணியில இருக்குன்னு கைடு சொன்னாரே?

கென்டக்கியின் அடியில் சுண்ணாம்புக்கல் படுகை. அதில் வடிந்து வரும் தண்ணீரில் கால்சியம் அதிகம், இரும்பு மிகக் குறைவு. இரும்பு இருந்தால் ஓக் மரத்தின் துவர்ப்புச் சத்தோடு சேர்ந்து விஸ்கியைக் கறுக்கவைக்கும், ருசியையும் கெடுக்கும். கால்சியம் நொதித்தலுக்கு நல்லது. தொழில் இங்கே வேர்பிடிக்க இது உண்மையான காரணம்தான்.

ஆனால் இன்று எந்தத் தண்ணீரையும் சுத்தப்படுத்தி வேண்டியபடி மாற்ற முடியும், குழாய்த் தண்ணீரில் செய்கிற வடிசாலைகளும் உண்டு. ருசியில் தண்ணீரின் பங்கைக் கைடுகள் கொஞ்சம் கூட்டியே சொல்கிறார்கள் என்பது என் எண்ணம். பெரிய பங்கு மரத்துக்கு, அதற்குக் கீழே வருகிறேன்.

காய்ச்சும்போது மெத்தனால் வராதா? நம்ம ஊருல அதுல செத்துப் போறாங்களே?

இந்தக் கேள்வியைத் தமிழர்கள் எல்லோரும் கேட்கிறார்கள், கேட்பதில் நியாயம் இருக்கிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் செத்தது யாருக்கும் மறக்காது. ஆனால் அங்கே உயிரைக் குடித்தது ஊறலில் தானாக ஊறிய மெத்தனால் இல்லை, தொழிற்சாலைகளில் பயன்படும் மெத்தனாலைச் சாராயத்தில் கலந்ததுதான். தானிய ஊறலில் மெத்தனால் மிகக் கொஞ்சமாகத்தான் உண்டாகும். பழத்தோலில் இருக்கும் பெக்டின் என்ற பொருளிலிருந்துதான் அது கூடுதலாக வரும், சோளத்தில் அது அவ்வளவு இல்லை. தவிர, சுலபத்தில் ஆவியாகும் பகுதியை வடிசாலைகள் பிரித்து விலக்கிவிடுகின்றன.

காய்ச்சி இறக்கினதும் எப்படி இருக்கும்? குடிக்க முடியுமா?

தண்ணீர் மாதிரி நிறமே இல்லாமல் இருக்கும். இங்கே அதை 'ஒயிட் டாக்' என்பார்கள், வெள்ளை நாய். பெரும்பாலான இடங்களில் இரண்டு கட்டமாகக் காய்ச்சுகிறார்கள். முதலில் பல மாடி உயரச் செம்புத் தூண், மேலிருந்து ஊறல் இறங்க இறங்கக் கீழிருந்து நீராவி ஏறிச் சாராயத்தை ஆவியாக்கிக் கூட்டிப்போகும். அடுத்தது ஒரு செம்புக் கலம், அதில் இன்னொரு தடவை. செம்பு வெறும் அழகுக்கு இல்லை, ஊறலில் வரும் கந்தக நாற்றத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

சுற்றிப் பார்க்கப் போனால் இரண்டு சொட்டு வெள்ளை நாயை உள்ளங்கையில் விட்டுத் தேய்க்கச் சொல்வார்கள். சாராய நெடி சில நொடியில் பறந்துவிடும், அதன்பின் கையை முகர்ந்தால் சுட்ட சோளக்கதிர் வாசனை வரும். 80 சதவீத வரம்பு எதற்கு என்பதற்கு அந்தக் கையே பதில். வீரியத்தை 95-க்கு ஏற்றினால் தானியத்தின் வாசனையெல்லாம் போய் வோட்காவுக்குப் பக்கத்தில் வந்துவிடும். நிறையப் பேர் 65, 70 சதவீதத்திலேயே நிறுத்திக்கொள்கிறார்கள்.

பீப்பாயை எதுக்குங்க எரிக்கிறாங்க? நல்ல மரத்தை ஏன் கரியாக்கணும்?

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, அதனால் பதில் நீளும். பீப்பாய் வெள்ளை ஓக் மரத்தில் செய்தது, கொள்ளளவு சுமார் 200 லிட்டர். பசையோ ஆணியோ இல்லாமல் பலகைகளை வளைத்து இரும்புப் பட்டை போட்டு இறுக்கியே ஒழுகாமல் நிறுத்துகிறார்கள். வெள்ளை ஓக்கின் நாளங்கள் தாமாகவே அடைத்துக்கொள்ளும் குணமுள்ளவை, அதனால்தான் இந்த மரம். பலகைகளை மாதக்கணக்கில், சில இடங்களில் வருடத்துக்கு மேலும், வெயிலிலும் மழையிலும் அடுக்கிப் போட்டு வைப்பார்கள். மரத்தின் முரட்டுத் துவர்ப்பு கொஞ்சம் கழுவிக்கொண்டு போகும்.

அடுத்து நெருப்பு. ஒரு பீப்பாய்த் தொழிற்சாலையில் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்திருக்கிறேன். மூடியில்லாத பீப்பாய்களை வரிசையாக நிறுத்தித் தீயை ஏவினால் உள்ளே குப்பென்று பற்றி, வாய் வழியாகச் சுவாலை ஆள் உயரத்துக்கு எழும்புகிறது. மொத்தம் ஒரு நிமிடம்கூட இல்லை. கருக்கலில் நான்கு அளவு உண்டு, முதலாவது 15 நொடி, நான்காவது 55 நொடி. நான்காவதில் கரி வெடித்து முதலை முதுகு மாதிரி சொரசொரப்பாகிவிடும். வைல்ட் டர்க்கி என்ற வடிசாலையில் அந்த நான்காம் அளவுதான்.

கரிக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மரத்தில் இருக்கும் ஒருவகைச் சர்க்கரைச் சங்கிலி சூட்டில் உடைந்து கருகிய சர்க்கரைப்பாகாகிறது. லிக்னின் என்ற பொருள் உடைந்து வெனிலின் வருகிறது, வெனிலா வாசனை தருகிற அதே பொருள்தான். கொஞ்சம் கிராம்பு, கொஞ்சம் புகையும் அதிலிருந்தே. ஓக்கிலேயே இருக்கும் லாக்டோன்கள் தேங்காய் வாசனை தருகின்றன. மேலே இருக்கும் கரி, நம் வீட்டுத் தண்ணீர் வடிகட்டியில் இருக்கும் கரியைப்போல, கந்தக வாடையை இழுத்துக்கொள்கிறது. பழைய பீப்பாய்ப் பலகை ஒன்றின் குறுக்குவெட்டு என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. ஒரு விளிம்பில் கரி, அதற்கடுத்து விரல் கனத்துக்கும் குறைவாக ஒரு செம்பழுப்புப் பட்டை, அதன் முடிவில் கோடு கிழித்ததுபோல் ஒரு கறை, அப்புறம் வெளுத்த மரம். அந்தக் கோடுவரை விஸ்கி உள்ளே போய்த் திரும்பியிருக்கிறது. வருபவர்கள் கையில் முதலில் அதைத்தான் கொடுப்பேன்.

ஒரு தடவைதான் உபயோகிக்கணுமாமே? அவ்வளவு பீப்பாயும் வீணா?

வீணாகாது. போர்பனுக்குப் புதுப் பீப்பாய்தான் வேண்டும் என்பதால் காலியான பீப்பாய் இங்கே உதவாது, வெளியே அதற்கு நல்ல கிராக்கி. ஸ்காட்லாந்தில் முதிரும் விஸ்கியில் பெரும்பகுதி போர்பன் இருந்த பீப்பாயில்தான் கிடக்கிறது. மெக்சிகோவின் டெக்கீலா, கரீபியன் ரம், டபாஸ்கோ மிளகாய்ச் சாந்துகூட இந்தப் பீப்பாய்களில் ஊறுகிறது. நமக்குப் பக்கத்திலேயே பெங்களூரின் அம்ருத், கோவாவின் பால் ஜான் இரண்டும் போர்பன் பீப்பாய்களை வரவழைத்துத்தான் சிங்கிள் மால்ட் (முளைகட்டிய பார்லியில் மட்டும் செய்த விஸ்கி) முதிரவைக்கின்றன.

தேநீர்த்தூளை முதல் தடவை கொதிக்கவைத்தால் வரும் சாறு வேறு, அதே தூளில் இரண்டாவது தடவை வருவது வேறு. போர்பன் எப்போதும் முதல் தடவைச் சாறு. அதன் அடர்ந்த நிறமும் வெனிலாவும் இனிப்பு வாசனையும் அங்கிருந்துதான்.

இன்னொன்று, சட்டத்தில் நெடுங்காலம் 'பீப்பாய்' என்ற சொல்லே கிடையாது, 'கருக்கிய புதிய ஓக் கலம்' என்றுதான் இருந்தது. அமெரிக்க ஓக்தான் வேண்டும் என்றும் சொல்லவில்லை.

இந்த நிறம் நிஜமாவே மரத்துலேர்ந்து வந்ததா? கலர் பொடி போடலையா?

போடவில்லை, போட முடியாது, விதியை மேலே சொன்னேன். ஸ்காட்ச்சில் நிறம் ஒரே மாதிரி இருக்கக் கேரமல் சேர்க்கச் சட்டம் இடம் தருகிறது, போர்பனில் அதற்கும் வழியில்லை. தேன், ஆப்பிள் என்று ருசி சேர்த்து வரும் பாட்டில்கள் போர்பன் குடும்பத்துப் பெயரைத் தாங்கி வந்தாலும் வேறு வகையில் சேர்பவை. 'பிளெண்டட்' (கலவை) என்ற சொல்லைப் பார்த்தாலும் லேபிளை நன்றாகப் படியுங்கள்.

கிடங்குல எந்த மாடின்னு பாத்து வாங்குறாங்களாமே, அது என்ன கணக்கு?

பார்ட்ஸ்டவுன், லாரன்ஸ்பர்க் பக்கம் போனால் புல்வெளியில் ஆறேழு மாடி உயரத்துக்குத் தகரம் போர்த்திய பெரிய கட்டிடங்கள் நிற்கும். குளிர்சாதனம் கிடையாது. ஒரு கட்டிடத்துக்குள் மரச்சட்டங்களில் 20,000 பீப்பாய்வரைகூட இருக்கும். கோடையில் கென்டக்கி வெயில் 32, 33 டிகிரி சாதாரணம், மேல்மாடியில் அதைவிட ரொம்பவே சூடு. குளிர்காலத்தில் வெளியே பனி உறையும். சூட்டில் விஸ்கி விரிந்து மரத்துக்குள் போகிறது, குளிரில் சுருங்கித் திரும்புகிறது, என் பலகையில் இருக்கும் கோடு அதன் தடம். மேல்மாடிப் பீப்பாய் சீக்கிரம் கறுத்து, காரமாக, மரம் தூக்கலாக வரும். கீழ்மாடிப் பீப்பாய் மெதுவாக, மென்மையாக. ஒரே நாளில் ஒரே தொட்டியிலிருந்து நிரப்பியவைதான், எட்டு வருடம் கழித்து ஒட்டுறவே இல்லாதவை மாதிரி நிற்கும்.

இதைக் கையாளுவதில் ஒவ்வொரு வடிசாலைக்கும் ஒரு வழி. மேக்கர்ஸ் மார்க்கில் பீப்பாய்களைச் சூடான மாடியிலிருந்து குளிர்ந்த மாடிக்கு மாற்றுகிற வழக்கம் உண்டு. ஃபோர் ரோஸஸ் ஒரே தளக் கிடங்குகளில் வைக்கிறது. பஃபலோ டிரேஸில் சில கிடங்குகளுக்குக் குளிர்காலத்தில் வெப்பம் ஊட்டுகிறார்கள். மற்ற இடங்களில் மேல், நடு, கீழ் எல்லாவற்றையும் கலந்து பழகிய ருசிக்குக் கொண்டுவருகிறார்கள்.

ஆவியாப் போறது எவ்வளவு? அது நஷ்டம் இல்லையா?

'தேவதைகளின் பங்கு' என்பார்கள். முதல் வருடம் மரமே கொஞ்சம் குடித்துக்கொள்ளும், அதன்பின் வருடத்துக்கு 3 முதல் 5 சதவீதம் போகும். 12 வருடம் கழித்துத் திறந்தால் பாதி போலத்தான் இருக்கும். பெங்களூரு வெப்பத்தில் வருடத்துக்கு 10 சதவீதத்துக்கும் மேல் போகிறது, அங்கே நாலைந்து வருடத்திலேயே பாட்டிலுக்கு வருவதற்கு அதுதான் காரணம்.

விசித்திரம் ஒன்று உண்டு. ஸ்காட்லாந்தின் ஈரக் குளிரில் காலம் போகப் போக வீரியம் இறங்கும். கென்டக்கியின் மேல்மாடிகளில் சாராயத்தைவிடத் தண்ணீர் வேகமாகப் போவதால் வீரியம் ஏறும், 62.5-ல் உள்ளே போனது 65, 70 என்று வெளியே வரலாம். நஷ்டம் என்றால் நஷ்டம்தான், ஆனால் மரம் வழியாக மூச்சுவிட்டுக் காற்று உள்ளே போய்வருவதால்தான் முரட்டு வாசனைகள் அடங்கிப் பழ வாசனைகள் எழுகின்றன.

வடிசாலைப் பக்கம் மரம், சுவரு எல்லாம் கரி பூசின மாதிரி இருக்கே?

அது புகை இல்லை, பூஞ்சை. தேவதைகளின் பங்கைக் குடித்து வளர்கிறது. பிரான்ஸின் கோன்யாக் ஊரில் 1872-ல் இதைக் கவனித்து எழுதிய போதுவான் என்பவர் பெயரால் அழைக்கிறார்கள். கிடங்குக்குப் பக்கத்தில் வீடு இருப்பவர்களுக்குச் சுவரையும் காரையும் கழுவிக் கழுவி மாளாது, அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

வருஷம் கூடக் கூட நல்லா இருக்கும்தானே? 20 வருஷம்னா சூப்பர்தானே?

ஸ்காட்ச்சில் பழகிய கணக்கு இது, இங்கே பொருந்தாது. பழைய பீப்பாயில், குளிர் நாட்டில் 20 வருடம் என்பது வேறு. புதுக் கரிப் பீப்பாயில், மேலே சொன்ன கிடங்குச் சூட்டில் 20 வருடம் என்பது வேறு. பெரும்பாலான போர்பன் 6 முதல் 12 வருடத்துக்குள் நல்ல பதத்துக்கு வந்துவிடும். அதைத் தாண்டினால் தேயிலை ரொம்ப நேரம் கொதித்த மாதிரி துவர்ப்பு முன்னே வந்து மற்றதை மூடிவிடும். கீழ்மாடியின் குளிர்ந்த மூலையில் கிடந்து 20 வருடத்துக்கும் தாக்குப்பிடித்த அபூர்வப் பீப்பாய்கள் உண்டு, அபூர்வமாக இருப்பதால்தான் அவற்றின் விலை ஏறுகிறது. காசு கொடுத்து வயதை வாங்குவதைவிட எங்கே கிடந்தது என்று கேட்டு வாங்குங்கள்.

ரை போட்டது, கோதுமை போட்டதுன்னு பிரிக்கிறாங்களே, நாக்குல தெரியுமா?

தெரியும். ரை இருந்தால் மிளகு, புதினா மாதிரி ஒரு காரம் நாக்கில் நிற்கும். அதற்குப் பதில் கோதுமை போட்டால் காரம் விலகி, சோளமும் மரமும் தரும் இனிப்பு வாசனை தெளிவாகத் தெரியும். மேக்கர்ஸ் மார்க்கில் 70 சதவீதம் சோளம், 16 கோதுமை, 14 முளைகட்டிய பார்லி. ஃபோர் ரோஸஸ் இரண்டு தானியக் கலவைகளை ஐந்து ஈஸ்ட்களோடு சேர்த்துப் பத்து விதமாகச் செய்கிறது, ரை ஒன்றில் 20 சதவீதம், மற்றதில் 35. ஈஸ்ட்டை மட்டும் மாற்றினாலே ஒன்றில் பழ வாசனை, இன்னொன்றில் பூ வாசனை என்று வருவதைப் பார்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது.

ஜாக் டேனியல்ஸ் போர்பனா இல்லையா? வீட்ல சண்டையே வந்துடுச்சு.

முதல் பதிலில் சொன்ன விதிகளை வைத்துப் பார்த்தால் சோளம் 80 சதவீதம், புதுக் கரிப் பீப்பாய், எல்லாம் சரியாக இருக்கிறது. வித்தியாசம் ஒன்றுதான்: பீப்பாயில் போடும் முன் 10 அடி ஆழச் சர்க்கரை மேப்பிள் மரக்கரியில் சொட்டுச் சொட்டாக வடிக்கிறார்கள். அவர்கள் போர்பன் என்று போட்டுக்கொள்ள விரும்பவில்லை, டென்னஸி விஸ்கி என்கிறார்கள். வட அமெரிக்க வணிக ஒப்பந்தத்தில் டென்னஸி விஸ்கியை 'டென்னஸியில் மட்டும் செய்யப்படும் ஸ்ட்ரெயிட் போர்பன்' என்றுதான் வரையறுத்திருந்தார்கள் ('ஸ்ட்ரெயிட்' என்றால் என்ன என்பது அடுத்த பதிலில்). அதனால் சண்டையில் இரண்டு பக்கமும் பாதி சரி.

லேபிள்ல ஸ்ட்ரெயிட், பாண்ட், ஸ்மால் பேட்ச்னு என்னென்னவோ இருக்கே, எதை நம்பறது?

'ஸ்ட்ரெயிட்' என்றால் குறைந்தது 2 வருடம் முதிர்ந்தது, 4 வருடத்துக்குக் குறைவு என்றால் வயதை லேபிளில் சொல்லியாக வேண்டும். வயது போட்டிருந்தால் அது கலவையில் இருக்கும் ஆக இளையதன் வயது. 'பாட்டில்ட் இன் பாண்ட்' 1897-ல் வந்த சட்டம். அந்தக் காலத்தில் வெறும் சாராயத்தில் புகையிலைச் சாறு, பழச்சாறு என்று கலந்து விஸ்கி என்று விற்றார்கள், அதற்கு எதிராக வடிசாலை முதலாளி எட்மண்ட் டெய்லர் போன்றவர்கள் போராடிக் கொண்டுவந்தது. ஒரே வடிசாலை, ஒரே பருவம், அரசு மேற்பார்வையிலுள்ள கிடங்கில் குறைந்தது 4 வருடம், சரியாக 50 சதவீத வீரியம். எனக்கு இந்தச் சொல்மீது இன்றைக்கும் மரியாதை, விலையும் பெரும்பாலும் நியாயமாக இருக்கும்.

'ஸ்மால் பேட்ச்' என்பதற்குச் சட்டத்தில் அர்த்தமே கிடையாது. 10 பீப்பாயைக் கலந்தாலும் போடலாம், 200-ஐக் கலந்தாலும் போடலாம்.

62.5 சதவீதம்னு ஒரு விசித்திரமான எண் எங்கேர்ந்து வந்துச்சு?

அமெரிக்காவில் வீரியத்தைப் 'ப்ரூஃப்' என்று சதவீதத்தின் இரண்டு மடங்காகச் சொல்வார்கள், அந்தக் கணக்கில் அது 125. 1962 வரை வரம்பு 110, அதாவது 55 சதவீதம். அப்புறம் ஏற்றினார்கள். ஏற்றினால் வடிசாலைக்குப் பணம் மிச்சம்: கெட்டியாக அடைத்துப் பின்னால் தண்ணீர் விட்டுக்கொள்ளலாம், பீப்பாய் குறைவாகப் போதும்.

ஆனால் மரத்திலிருக்கும் சர்க்கரைகள் தண்ணீரில்தான் நன்றாகக் கரையும். வீரியம் குறைவாக உள்ளே போனால் இனிப்பும் வழவழப்பும் கூடுதலாக வரும், பின்னால் விடும் தண்ணீரும் குறையும். மேக்கர்ஸ் மார்க் இன்றும் 55-லும் வைல்ட் டர்க்கி 57.5-லும்தான் அடைக்கிறார்கள். செலவு கூடினாலும் விடாமல் வைத்திருக்கிறார்களே, அதற்காகவே அவர்களை எனக்குப் பிடிக்கும்.

ஐஸ் போட்டா கெட்டுடுமா? அப்புறம் கொஞ்சமா குடிச்சா உடம்புக்கு நல்லதுன்னு சொல்றாங்களே?

ஐஸ் போட்டால் கெடாது. 60 சதவீத வீரியத்தில் நாக்கு மரத்துவிடும், சில சொட்டுத் தண்ணீர் விட்டால் வாசனைகள் பிரிந்து தெரியும். ஐஸ் குளிர்ச்சியில் வாசனையை அடக்கும், வெயில் நாளில் அதுவே சுகம்.

உடம்புக்கு நல்லது என்பது உண்மை இல்லை. பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்று உலகச் சுகாதார அமைப்பு 2023-ல் தெளிவாகவே சொல்லிவிட்டது. என்னோடு வடிசாலைக்கு வருபவர்களில் குடிக்காதவர்களும் உண்டு, முகர்ந்து பார்த்துவிட்டுக் கிளாஸை வைத்துவிடுவார்கள். அவர்களும் ஒன்றையும் இழப்பதில்லை, இந்தப் பக்கத்தில் சொன்னதில் முக்கால்வாசி மூக்குக்கே கிடைத்துவிடும்.

சின்னப் பீப்பாயில போட்டா சீக்கிரம் முதிருமாமே? ஏன் எல்லாரும் அப்படிச் செய்யலை?

சின்னப் பீப்பாயில் ஒரு லிட்டருக்குப் படும் மரப்பரப்பு அதிகம், நிறமும் வெனிலாவும் சில மாதத்திலேயே வந்துவிடும். புதிதாகத் தொழில் தொடங்குபவர்கள் நிறையப் பேர் இப்படிச் செய்து பார்த்திருக்கிறார்கள். மரம் வந்துவிடுகிறது, மற்றது வருவதில்லை. காற்று மெதுவாக உள்ளே போய் முரட்டு வாசனையை அடக்கும் வேலைக்கு (ஆவியாதல் பற்றிய பதிலில் சொன்னது) குறுக்குவழி கிடையாது, அதற்கு வருடங்கள்தான் வேண்டும். அப்படி ஒன்றை வாங்கி, நாலு வருடப் பாண்ட் ஒன்றோடு பக்கத்தில் வைத்து வீட்டில் முகர்ந்து பார்த்தோம். நிறம் இரண்டிலும் ஒரே மாதிரி. ஆனால் சின்னப் பீப்பாய்க் கிளாஸில் புதுப் பலகை வாசனைக்குக் கீழே, உள்ளங்கையில் தேய்த்த அந்த வெள்ளை நாய் அப்படியே இருந்தது.